லா போர்னையும் கொஞ்சம் பாருங்கள்

1950களின் பிரெஞ்சு மட்பாண்டங்களைச் சேகரிக்க தென் பிரான்ஸில் உள்ள வல்லோரிஸ் ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, 1947 முதல் மதுரா என்ற மட்பாண்டப் பட்டறையில் ஓவியர் பிக்காசோ வேலை செய்த ஊர் அது. ஆனால் பிக்காசோவின் பெயராலேயே அந்த ஊர்ப் பாண்டங்களின் விலை எங்கோ போய்விட்டது. எனக்குப் பிடித்தது நடு பிரான்ஸில் பூர்ஜ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லா போர்ன் கிராமம். தலைமுறை தலைமுறையாகக் குயவர்கள் வாழ்ந்த இடம். 1940களில் ஜான் லெரா, ஜாக்லின் லெரா, பல்கேரியாவில் பிறந்த வசில் இவானோஃப் ஆகிய மட்பாண்டக் கலைஞர்கள் எல்லோரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் செய்தது விறகுச் சூளையில் ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸில் வெந்த ஸ்டோன்வேர், அதாவது கல் போல இறுகிய மட்பாண்டம். விறகுச் சாம்பல் பறந்து பானையின் தோளில் படிந்து உருகி, அதுவே மெருகாகிவிடும். நெருப்பு பட்ட பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம். அந்த அழகுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்!

அப்புறம், வாங்கும் முன் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கையொப்பத்தை மட்டும் நம்ப வேண்டாம். விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். விரிசல் இல்லாத ஸ்டோன்வேர் கணீரென்று ஒலிக்கும். மந்தமாகக் கேட்டால் விளிம்பை விளக்கடியில் வைத்து இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.