செம்மண்ணுக்குக் கலர்தான் வேண்டுமா?

ஆஸ்திரேலியாவின் செம்மண் நிலத்தைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பது வீண் வேலை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்ள முடியவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் வில்பீனா பவுண்டு என்ற மலைசூழ்ந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு யூகலிப்டஸ் மரம். அடிமரம் குடைந்துபோய் நின்ற அதை புகைப்படக்காரர் ஹரால்ட் கேஸ்னோ 1937இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பாருங்கள். நிறம் இருந்திருந்தால் கண் மண்ணுக்கும் வானத்துக்கும் ஓடியிருக்கும். இதில் அந்த முறுக்கிய பட்டையை விட்டு நகராது. அந்த மரத்தை இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள்.

செம்மண் மொத்தமும் ஒரே சாம்பலாகிவிடும் என்கிறீர்கள். சும்மா நிறத்தை உருவிவிட்டால் ஆகத்தான் செய்யும்! லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி ஃபில்டர் போட்டால் நீல வானம் கறுத்து, மண் வெளுக்கும். பச்சை போட்டால் மண் இருண்டு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கத்து வெள்ளைப் பட்டை கோஸ்ட் கம் மரங்கள் தனியாக எழுந்து நிற்கும். டிஜிட்டல் என்றால் ஃபில்டர்கூட வேண்டாம், கேமரா பதிந்த மூலக் கோப்பான ரா ஃபைலைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். உச்சிவெயிலில் கேமராவை மூடி வைக்கவும் தேவையில்லை, கடுமையான நிழல்தான் கறுப்பு வெள்ளைக்குத் தீனி.

சரி, உலுரு பெரும்பாறையின் அந்திச் சிவப்புக்கு மட்டும் நானும் கலர்தான்.