பாசிட்டிவா? தூக்கி உள்ளே போடு!

நேற்றிலிருந்து எல்லோரும் ஒரு ரிப்போர்ட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். நன்னடத்தைக் கண்காணிப்பில் (சிறைக்கு வெளியே, அலுவலர் ஒருவரின் மேற்பார்வையில்) இருப்பவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா பாசிட்டிவ். உடனே "மீண்டும் போதைக்குத் திரும்பும் அபாயம் மிக அதிகம்" என்று ஒரு வரி. ஆளைக் காவலுக்கு அனுப்பியாயிற்று, சோலி முடிந்தது.

சிறுநீர்ப் பரிசோதனை அபாய மதிப்பீடு அல்ல. உடம்புக்குள் என்ன போனது என்று சொல்லும். இனி என்ன நடக்கும் என்று சொல்லாது. அதிலும் கஞ்சா! எப்போதாவது இழுப்பவருக்கு மூன்று நான்கு நாளில் போய்விடும். தினமும் இழுத்துப் பழகியவர் நிறுத்தி 30 நாள் ஆனாலும் காட்டலாம், கொழுப்பில் தங்கி மெல்ல மெல்லக் கசிவதால். விட்டவரும் பாசிட்டிவ், நேற்று இழுத்தவரும் பாசிட்டிவ். ஆய்வகத்தில் உறுதிசெய்தார்களா? சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினோடு ஒப்பிட்டு, அளவு இறங்குகிறதா ஏறுகிறதா என்று மறுபடி எடுத்துப் பார்த்தார்களா? மூச்சே இல்லை. (சோதனை ஸ்ட்ரிப்பில் கோடு விழுந்தால் நெகட்டிவ், மங்கலாக விழுந்தாலும் நெகட்டிவ்தான். இதுவே பல பேருக்குத் தெரியாது.)

"நெகட்டிவ் வந்தால் மட்டும் நம்புவீர்களாக்கும்?" இல்லை சாமி, அதையும் நம்பாதீர்கள். ஹெராயின் இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். சோதனை எந்தக் கிழமை என்று தெரிந்தவருக்கு அது போதும்.

கேள்வித்தாளும் அதே லட்சணம். போதைப் பழக்கத்தை மதிப்பிட உலக சுகாதார நிறுவனம் தந்த அசிஸ்ட் என்ற கேள்விப் படிவத்தில் முக்கியமான கேள்விகள் கடந்த 3 மாதத்தைப் பற்றியவை. எட்டு மாதம் சிறையில் இருந்து வந்தவரிடம் அதை அப்படியே கேட்டால் "இல்லை, இல்லை" என்றுதான் வரும். மதிப்பெண் குறைவு, அபாயம் குறைவு என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வந்த ஆய்வைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறிய போதையால் சாகும் அபாயம் அம்மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு. உடம்பின் தாங்குதிறன் இறங்கியிருக்கும், கை மட்டும் பழைய அளவையே எடுக்கும். கைதாவதற்கு முந்தைய 3 மாதத்தைக் கேளுங்கள் ஐயா.

கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. யாரோடு தங்கியிருக்கிறார்? சம்பளம் வந்த அன்று மாலை யார் கூப்பிடுகிறார்கள்? தூக்கம் எப்படி, வீட்டில் சண்டையா? வெளியே எடுத்துவந்த பியூப்ரெனார்ஃபின் (ஹெராயின் போன்ற போதையை விட உதவும் மருந்து) நின்றுபோனதா? கடைசியாகச் சறுக்கியபோது அடுத்த இரண்டு நாள் என்ன செய்தார்? தானே வந்து சொன்னாரா, ஒளிந்தாரா? ஒருமுறை சறுக்குவது வேறு, பழைய வாழ்க்கைக்கே திரும்புவது வேறு. ஸ்ட்ரிப்புக்கு இந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது!

"அலுவலர் தலையில் நூறு கேஸ், நேரம் எங்கே?" நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். நேரம் இல்லையென்றால் "மதிப்பிடவில்லை" என்று எழுதுங்கள். "மிக அதிகம்" என்று எழுத மட்டும் நேரம் எப்படிக் கிடைத்தது?

"பாதிக்கப்பட்டவர்களை யோசித்தீர்களா?" யோசித்துத்தான் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் ஜெயில் என்று தெரிந்தவர் அடுத்த முறை வாயைத் திறப்பாரா? குற்றவாளிக்கு வக்காலத்து என்று என்னைத் திட்டக் கிளம்பியிருப்பவர்கள், மேலே உள்ள கேள்விகளில் ஒன்றையாவது அந்தக் கண்காணிப்பில் இருந்தவரிடம் யாராவது கேட்டார்களா என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.