தாட்சருக்குக் கொடுக்காத பட்டம்

பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சருக்குக் கிடைத்த பட்டங்களையும் பதக்கங்களையும் எண்ண உட்கார்ந்தால் இரண்டு கை விரல்கள் போதாது. எனக்கு அவற்றில் அவ்வளவு ஆர்வம் இல்லை. கிடைக்காமல் போன ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1985 ஜனவரி 29. ஆக்ஸ்போர்டின் ஷெல்டோனியன் அரங்கில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் கூடுகிறார்கள். பிரதமருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கலாமா, வேண்டாமா? மற்ற நேரமாக இருந்தால் இதற்கெல்லாம் ஒரு கூட்டமா என்று சிரித்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆக்ஸ்போர்டில் படித்துப் பிரதமரானவர்கள், அட்லி தொடங்கி ஹீத் வரை, எல்லோருக்கும் அந்தப் பட்டம் போயிருக்கிறது. தாட்சரும் அங்கே சோமர்வில் கல்லூரியில் வேதியியல் படித்தவர்தான். பதவிக்கு வந்தும் ஆறாவது வருஷம். வாக்குகளை எண்ணினார்கள். கொடுக்கலாம் என்றவர்கள் 319 பேர். வேண்டாம் என்றவர்கள் 738 பேர்.

இடதுசாரிப் பேராசிரியர்களின் வேலை என்று சொல்லி முடித்துவிட முடியாது. ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வராத அறிவியல்காரர்களும் மருத்துவத் துறைக்காரர்களும் கூட எதிர்த்தார்கள். 1981இல் தாட்சர் அரசு பல்கலைக்கழக மானியத்தில் கை வைத்தது. சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் வெட்டு. ஆக்ஸ்போர்டுக்கு அந்த அளவு அடி இல்லை, ஆனாலும் ஆராய்ச்சிப் பணம் வற்றிக்கொண்டிருந்தது. கல்வியின் அடிவயிற்றில் அடிப்பவருக்குக் கல்வியின் பெயரால் எப்படி மாலை போடுவது என்பதுதான் அவர்கள் கேள்வி.

நான் அந்த 738 பேர் பக்கம்தான். ஆனால் ஒரு உறுத்தல் இருக்கிறது. அதே ஜனவரியில், நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் பத்து மாதத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. யார்க்‌ஷயரிலும் தெற்கு வேல்ஸிலும் பொதுச் சமையல் போட்டுக் குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அரங்கில் கூடியவர்கள் அதற்காகக் கூடவில்லை. தங்கள் வீட்டு உலையில் அரிசி குறைந்த பிறகுதான் கூடினார்கள். இதையும் சொல்லாமல் அவர்களை வீரர்களாக்கினால் அது நேர்மையில்லை. இருந்தாலும், பணப்பெட்டியின் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் பதவியில் இருக்கும்போதே முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல ஒரு முதுகெலும்பு வேண்டும்.

மற்ற கௌரவங்கள் எப்படி வந்தன? 1990 நவம்பரில் சொந்தக் கட்சியே அவரைக் கீழே இறக்கியது. டிசம்பரில் அரசி ஆர்டர் ஆஃப் மெரிட் கொடுத்தார். ஒரே சமயத்தில் 24 பேருக்கு மேல் இருக்கக் கூடாத விருது அது. மறு வருஷம் அமெரிக்காவின் சுதந்திரப் பதக்கம். 1992இல் பிரபுக்கள் சபை. 1995இல் ‘ஆர்டர் ஆஃப் த கார்ட்டர்’ என்ற பழம்பெரும் அரச விருது. கணவர் டெனிஸுக்குக் கூட 1990லேயே பரோனெட் பட்டம் வந்தது. பல வருஷமாக யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்த பரம்பரைப் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். டெனிஸ் 2003இல் போனதும் அது மகன் மார்க்குக்கு இறங்கியது. ஈக்குவடோரியல் கினி ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தொடர்பாக 2005இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர் அவர். இன்றும் சர் மார்க்தான். மளிகைக்கடைக்காரர் மகள், உழைத்து மேலே வந்தவர் என்று மேடைக்கு மேடை சொன்ன குடும்பத்தில் பரம்பரைப் பட்டம்!

இந்த வரிசையில் என்னை உண்மையாகவே தொட்டது ஆர்டர் ஆஃப் மெரிட் ஒன்றுதான். காரணம் டாரதி ஹாட்கின். சோமர்வில்லில் தாட்சருக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். எக்ஸ் கதிரை வைத்துப் படிகங்களின் அமைப்பைப் படிப்பதில் மேதை. 1964இல் நோபல், 1965இல் ஆர்டர் ஆஃப் மெரிட். அரசியலில் இடதுசாரி, அணு ஆயுதத்துக்கு எதிரி. அந்த மாணவியோ பிரதமரான பிறகும் டீச்சரின் படத்தைத் தன் அலுவலகத்தில் மாட்டி வைத்திருந்தார். 1990க்குப் பிறகு, ஹாட்கின் 1994இல் இறக்கும் வரை, டீச்சரும் மாணவியும் அந்த 24 பேருக்குள் ஒன்றாக இருந்தார்கள். ஒருவர் மூலக்கூறுகளுக்காக, இன்னொருவர் நாம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் காரணங்களுக்காக.

வேடிக்கை என்னவென்றால், தாட்சருக்கு ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்ட பட்டத்தை எந்த அரண்மனையும் தரவில்லை. 1976இல் சோவியத் ராணுவப் பத்திரிகை கிண்டலாக எழுதியது ‘இரும்புப் பெண்மணி’ என்று. அவர் அதைச் சட்டையில் குத்திக்கொண்டார். 2007இல் நாடாளுமன்றத்தில் தன் வெண்கலச் சிலை திறக்கப்பட்டபோது, இரும்பாக இருந்தால் இன்னும் பிடித்திருக்கும், வெண்கலமும் பரவாயில்லை, துருப்பிடிக்காது என்றார். அந்த நையாண்டிக்கு மட்டும் நான் கை தட்டுவேன். அதற்கு முன் 2002இல் லண்டனில் வைத்திருந்த பளிங்குச் சிலையின் தலையை ஒருவர் உடைத்தார். முதலில் கிரிக்கெட் மட்டையால் அடித்துப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. பிறகு இரும்புக் கம்பத்தை எடுத்தார். 2022இல் சொந்த ஊர் கிரந்தமில் உயரமான பீடத்தில் சிலை வைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முட்டை பறந்தது.

ஆக்ஸ்போர்டு விஷயத்தில் அவர் வெளியே பெரிதாகப் புலம்பவில்லை. ஆனால் 1997இல் தன் வாழ்நாள் கடிதங்கள், குறிப்புகள், கோப்புகள் அத்தனையையும் கேம்பிரிட்ஜின் சர்ச்சில் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். அவரைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஆக்ஸ்போர்டு மாணவர் அசல் தாளைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் இன்றும் கேம்பிரிட்ஜுக்குத்தான் பயணப்பட வேண்டும்.