அழிப்பதைவிடத் தடுப்பதே பலன் தரும்
விளம்பர நிறுவனங்கள் இணையத்தில் நம்மைப் பின்தொடராமல் இருக்க, வாரம் ஒருமுறை குக்கீகளை (தளங்கள் நம் உலாவியில் சேமித்துவைக்கும் சிறு குறிப்புகளை) மொத்தமாக அழித்தால் போதும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது சரியல்ல. அழித்த கையோடு, விளம்பர நிறுவனத்தின் நிரல் உள்ள ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தாலே புது அடையாள எண் வந்து உட்கார்ந்துவிடும். போதாக்குறைக்கு, குக்கீக்கு அனுமதி கேட்கும் பட்டையில் நீங்கள் 'நிராகரி' அழுத்தியதை நினைவில் வைத்திருப்பதும் பெரும்பாலும் ஒரு குக்கீதான். அதுவும் போய்விடுவதால் அந்தப் பட்டை ஒவ்வொரு தளத்திலும் மறுபடி முளைக்கும், லாகின்களும் போகும். அதற்குப் பதில் குரோமில் அமைப்புகள், தனியுரிமை மற்றும் பாதுகாப்பு, மூன்றாம் தரப்புக் குக்கீகள் என்று போய் அவற்றை மட்டும், அதாவது நீங்கள் திறந்த தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் வைக்கும் குக்கீகளை மட்டும், தடுத்துவிடுங்கள். சஃபாரி 2020 முதல் தானாகவே தடுக்கிறது. பக்கத்துக்குள் பதித்த வீடியோவோ கருத்துப் பெட்டியோ அடம்பிடித்தால், குரோமின் முகவரிப் பட்டையில் தெரியும் கண் சின்னத்தை அழுத்தி அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம்.