மூன்று கம்பியில் முடிகிற வேலை

ஆடி மாதம் தண்டையார்பேட்டைப் பக்கம் வந்தால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் கூழ், மைக் செட், அதோடு மாடி உயரத்துக்கு லைட் போர்டில் அம்மன். அந்த போர்டுகளைக் கட்டுகிறவர்களில் என் தாய்மாமாவும் ஒருவர். சீரியல் செட் காலத்திலிருந்து இதுதான் அவர் தொழில். இப்போது எல்லாமே பிக்சல் பல்பு. ஒரே போர்டில் மூன்று வருடம் முன்பு வாங்கிய பல்பும் இருக்கும், நேற்று பாரிமுனையில் வாங்கியதும் இருக்கும். எந்தக் கம்பெனி என்று அவர் பார்ப்பதே இல்லை. கம்பியைச் சேர்த்து, டேப் சுற்றி, கண்ட்ரோலரில் மாட்டுவார். அம்மன் கையில் சூலம் சுழலும்.

அவர் ஒருநாள் எங்கள் வீட்டில் தம்பியின் கம்ப்யூட்டர் முன்னால் நின்று கேட்டார்: "ஏம்மா, இதுல எரியறதும் நம்ம பல்பு மாதிரிதான இருக்கு? அப்புறம் ஏன் ஆளுக்கொரு பக்கம் எரியுது?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

தம்பி கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். ஒரே தடவையில் எல்லாம் வாங்க முடியவில்லை. மதர்போர்டு ஒரு மாதம், ரேம் அடுத்த சீசன், ஃபேன் எப்போது தள்ளுபடியில் கிடைத்ததோ அப்போது. பதினான்கு மாதம் சென்னை ரிச்சி தெருவின் கம்ப்யூட்டர் கடைகளுக்கு நடந்து சேர்த்த மிஷின் அது. நம் பக்கத்துப் பசங்களில் பெரும்பாலோர் இப்படித்தான் சேர்க்கிறார்கள். அதனால் கேபினெட்டுக்குள் நான்கு கம்பெனி, ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கலர் லைட். ரேம் நீலம், பிராசஸரைக் குளிர்விக்கும் கூலர் வானவில், இரண்டு ஃபேன் சிவப்பு, மற்றது தன் இஷ்டத்துக்கு.

மாமா சொன்னது அப்படியே சரி. இந்த வகை எல்இடி ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. டபிள்யூஎஸ்2812பி என்பது அதில் பிரபலமானது. ஐந்து வோல்ட், டேட்டா, கிரவுண்ட், மொத்தம் மூன்றே கம்பி. டேட்டா கம்பியில் வரும் தகவலில் முதல் 24 பிட்டை, அதாவது 0, 1 என்ற சின்னத் துண்டுகளை, முதல் பல்பு எடுத்துக்கொள்ளும். பச்சை, சிவப்பு, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 பிட். மீதியை அடுத்த பல்புக்குத் தள்ளிவிடும். பந்தியில் ஆளுக்கு ஒரு இலை எடுத்துக்கொண்டு மீதி இலைக்கட்டைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது போல. மாமாவின் போர்டும் இப்படித்தான் ஓடுகிறது, பல கம்பெனி ஃபேன்களும் இப்படித்தான் ஓடுகின்றன.

பிறகு எங்கே பிரிகிறது? பிளக்கிலும் சாஃப்ட்வேரிலும்.

தம்பி வாங்கிய அந்த இரண்டு சிவப்பு ஃபேனின் நிறம் மாற்றும் முனை மதர்போர்டில் எதிலும் ஏறாது. அதே கம்பெனியின் கண்ட்ரோலர் தனியாக வாங்க வேண்டும். "எல்லாத்துலயும் மேட்ச் ஆகும்" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். கண்ட்ரோலர் விலை கேட்டுவிட்டு அவன் வெறுங்கையோடு திரும்பி வந்த மாலை எனக்கு மறக்கவில்லை. வேண்டுமென்றே வேறு வடிவத்தில் செய்த ஒரு பிளாஸ்டிக் முனைக்காக ஒருவன் இன்னொரு கல்யாண வீடியோ எடிட் பண்ண வேண்டும் என்பது நியாயமே இல்லை.

சாஃப்ட்வேர் கதையும் இதுதான், நிறம் மாற்ற கம்பெனிக்கு ஒன்று. ஆசுஸுக்கு ஆரா சிங்க், எம்எஸ்ஐக்கு மிஸ்டிக் லைட், கிகாபைட்டுக்கு ஆர்ஜிபி ஃபியூஷன், ஏஎஸ்ராக்குக்கு பாலிகுரோம், கோர்சேருக்கு ஐக்யூ. ரேமுக்குத் தனி லைட் கம்பி கிடையாது. மதர்போர்டின் உள்வழியாகவே அதற்குக் கட்டளை போகும். இரண்டு சாஃப்ட்வேர் ஒரே நேரத்தில் அந்த வழியில் பேசினால் நிறம் துடிக்கும், சில சமயம் உறைந்தே போகும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.

பணத்தைக் காப்பாற்றுகிற விஷயம் ஒன்று சொல்கிறேன். மதர்போர்டில் லைட் கம்பியை மாட்டும் இடத்துக்கு ஹெடர் என்று பெயர், அது இரண்டு வகை. நான்கு பின், அதாவது நான்கு ஊசி, என்றால் 12 வோல்ட், பழைய வகை, எல்லா எல்இடியும் ஒரே நிறம். மூன்று பின் என்றால் 5 வோல்ட், ஒவ்வொரு எல்இடிக்கும் தனி நிறம். பல எம்எஸ்ஐ போர்டுகளில் ஜெரெயின்போ என்றும் பல கிகாபைட் போர்டுகளில் டி_எல்இடி என்றும் எழுதியிருக்கும். 5 வோல்ட் பிளக்கை 12 வோல்ட் ஹெடரில் அழுத்தி ஏற்றிவிட்டால் எல்இடி கருகும். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு ஒரு நொடியில் ஒரு செட் போய்விட்டது. ஆகவே கடையில் பெட்டியைத் திறந்து முனையைக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், உங்கள் காசு.

அப்புறம் கரண்ட் கணக்கு. முழு வெள்ளையில் ஒரு எல்இடி சுமார் 50, 60 மில்லியாம்பியர் இழுக்கும். ஹெடர் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தாங்கும். ஃபேன், ஸ்ட்ரிப் எல்லாவற்றையும் ஒரே ஹெடரில் தொங்கவிடாமல், பவர் சப்ளையின் சாட்டா கம்பியில் ஓடும் ஹப் (பல லைட் முனைகளை மாட்டும் சின்னப் பெட்டி) ஒன்று வாங்கிவிடுங்கள்.

"லைட்டுக்கு இத்தனை கவலையா, வேகம் இருந்தால் போதாதா" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் ஒரே அறை. மிஷின் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா சமைக்கும்போதும், நாங்கள் சாப்பிடும்போதும் அதைத்தான் பார்க்கிறோம். கண்ணுக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தவறு? ஆடிக்கு லைட் போர்டு வேண்டாம் என்று இந்தத் தெருவில் யாராவது சொல்வார்களா?

வழி இல்லாமல் இல்லை. ஓப்பன்ஆர்ஜிபி என்ற இலவச, திறந்தமூல மென்பொருள் பல கம்பெனிப் பொருள்களை ஒரே திரையில் கொண்டுவருகிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். 2023இல் விண்டோஸ் 11இலேயே டைனமிக் லைட்டிங் வந்தது. அது பொதுத் தரத்தில் ஓடுவது, ஆனால் அந்தத் தரத்தை ஏற்றுச் செய்த பொருள்களுக்கு மட்டும்தான். எல்லாக் கம்பெனியும் ஏற்க வேண்டும், பெட்டி மேல் முனையின் படத்தைப் பெரிதாக அச்சிட வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரைக்கும் நாம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

கடைசியில் ஓப்பன்ஆர்ஜிபி போட்டு எல்லாவற்றையும் வெள்ளை ஆக்கினான் தம்பி. ரேம் நீல வெள்ளை, கூலர் மஞ்சள் வெள்ளை. மாமா சிரித்தார். "வெள்ளை வெக்காதடா, வெள்ளைதான் காட்டிக் குடுக்கும். ஒவ்வொரு பல்பும் ஒவ்வொரு வெள்ளை. அடர்த்தியா ஒரு கலர் வை, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கு." குங்குமச் சிவப்பு வைத்தோம். நான்கு கம்பெனியும் ஒன்றாகிவிட்டது. கண்ட்ரோலர் இல்லாத அந்த இரண்டு ஃபேனும் முதல் நாளிலிருந்தே சிவப்புதான், அவையும் சேர்ந்துகொண்டன.