ராத்திரி ஒரு மணிக்கு யார் கையில் 5,000 டாலர் கொடுக்கிறோம்?

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பனின் மனைவி அழுதுகொண்டே ஃபோன் செய்தார். வீட்டில் சண்டை, சத்தம் கேட்டுப் பக்கத்து அபார்ட்மென்ட்காரர் 911-க்குச் சொல்லிவிட்டார், போலீஸ் வந்து அவனுக்கு விலங்கு மாட்டிக் கூட்டிப்போய்விட்டது. கலிபோர்னியாவில் இந்த மாதிரி கேஸில் ‘நாங்களே பேசி முடித்துக்கொள்கிறோம்’ என்று மனைவி கெஞ்சினாலும் எடுபடாது. பெயில், அதாவது ஜாமீன் தொகை, 50,000 டாலர்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு ஒரு ஃபோன். பெயில் ஏஜென்டாம், கூலி வாங்கிக்கொண்டு நமக்காகக் கோர்ட்டில் ஜாமீன் கட்டுகிற ஆள். ஒரு மணி நேரத்தில் ஆளை வெளியே கொண்டுவருகிறேன், ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் வசதியில் 1,500 டாலர் உடனே போடுங்கள் என்றான். நண்பனின் பெயர், புக்கிங் நம்பர் எல்லாம் சரியாகச் சொன்னதால் இவரும் நம்பிவிட்டார். பல கவுண்டிகளில் ஷெரிஃப் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய விவரம்தான் அது! நல்லவேளை, பேங்க் ஆப் அந்தத் தொகையை அனுப்ப விடவில்லை.

இங்கே பெயில் ஏஜென்டுக்கு லைசென்ஸ் கொடுப்பது போலீஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை, மாநில இன்சூரன்ஸ் துறை. அவர் கோர்ட்டில் கட்டுவது பெரும்பாலும் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் உத்தரவாதப் பத்திரம், அதனால்தான். துறையின் தளத்தில் பெயரைப் போட்டால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஃபோன் செய்தவனைத் தேடினோம், அப்படி ஒரு ஆளே இல்லை. அப்புறம் லைசென்ஸ் உள்ள வேறொருவரைக் கூப்பிட்டோம். டெக்சாஸில் என்றால் பெரிய கவுண்டிகளில் இதற்கென்றே தனி போர்டு உண்டு. இல்லினாய், கென்டக்கி, ஆரிகன், விஸ்கான்சினில் இந்தத் தொழிலே கிடையாது, சிகாகோவில் ஒருவன் பெயில் ஏஜென்ட் என்று சொன்னால் அங்கேயே ஃபோனை வைத்துவிடலாம்.

நம் ஊரில் ஜாமீன் என்றால் சொத்துப் பத்திரத்தோடு ஒரு மாமாவோ சித்தப்பாவோ கோர்ட்டுக்கு வந்து நிற்பார். அதே நினைப்பில் இருப்பதால், கட்டுகிற பணம் கேஸ் முடிந்ததும் திரும்பி வரும் என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முழு 50,000-ஐயும் நீங்களே ரொக்கமாகக் கட்டி, எல்லா வாய்தாவுக்கும் ஆள் ஒழுங்காகப் போனால் வரும். ஏஜென்டுக்குக் கொடுக்கும் 10 சதவீதம், இங்கே 5,000 டாலர், அவருடைய கூலி, போனது போனதுதான். அதோடு கோசைன் பேப்பர் என்று ஒன்று நீட்டுவார்கள். அவன் வாய்தாவுக்கு வராமல் போனால் முழுத் தொகைக்கும் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. ராத்திரி ஒரு மணிக்கு அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் பத்துப் பக்கத்தை நீட்டி ‘இங்கே, இங்கே, இங்கே’ என்று விரல் காட்டுவதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை, லைசென்ஸ் இருக்கிறவர் செய்தாலும் சரி. நான் ஒவ்வொரு பக்கமாகப் படித்துச் சொன்னேன். ஏஜென்டுக்கு எரிச்சல்தான், இருக்கட்டும்.

அப்புறம், ஏஜென்டே வக்கீல் பெயரையும் சொன்னால் உஷாராகுங்கள், கலிபோர்னியாவில் அவர் அப்படிப் பரிந்துரைக்கக் கூடாது.

பணம் கட்டாமலே காத்திருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. நீதிபதி முன்னால் நிறுத்தியதும் பணம் வாங்காமல் சொந்தக் கையெழுத்திலேயே விடுவதும் உண்டு, பணம் கட்ட வசதியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை உள்ளே வைக்கக்கூடாது என்று 2021-இல் இந்த மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் வெள்ளி ராத்திரி கைதானால் அதற்குச் செவ்வாய்க்கிழமைகூட ஆகிவிடும். திங்கட்கிழமை ஆஃபீஸ், எச்1பி விசா, ஊரில் அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், இதையெல்லாம் சொல்லி அவர் கார்டை எடுத்தபோது எனக்குத் தடுக்க வாய் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வெளியே வந்தான். வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு, அதனால் என் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு திங்கட்கிழமை அங்கிருந்தே வேலைக்குப் போனான். கடைசியில் கேஸே போடவில்லை. அந்த 5,000 டாலருக்கு இன்னும் கார்டில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.