சிறுதானியம் என்று எழுதியிருந்தால் போதுமா?
வெள்ளை அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறினாலே சர்க்கரை கட்டுக்குள் வந்துவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் இன்று கடையில் விற்கும் சாமையையும் வரகையும் கையில் அள்ளிப் பாருங்கள், பல இடங்களில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், அரிசியைப் போலவே அதையும் மில்லில் தீட்டித் தவிட்டை எடுத்துவிடுகிறார்கள். நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் அந்தத் தவிட்டில்தானே அதிகம்? தவிட்டோடு இருந்தால் அதிலுள்ள எண்ணெயால் சீக்கிரம் கசந்துவிடும், வண்டும் பிடிக்கும், அதனால் கடைக்காரர்கள் வாங்கி வைக்கத் தயங்குகிறார்கள். அப்புறம் இந்த ராகி பிஸ்கட், தினை நூடுல்ஸ். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே என்று வாங்கிய ஒரு ராகி பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பாமாயில், அதற்கும் கீழேதான் ராகி. எடையில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது இங்கே விதி, அதனால் பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் பச்சரிசியும் புழுங்கலரிசியும் ஒன்றுதான் என்கிறார், அதுவும் சரியில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற பி வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் முழுதாகப் போகாது. புழுங்கல் சோற்றை அளவாகப் போட்டுக் கீரையும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களைப் பயமுறுத்தி இந்த பிஸ்கட் பக்கம் அனுப்பிவிடாதீர்கள்.